நோயாளி பாதுகாப்புக்கான நடைமுறை ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், மருத்துவமனைத் தர மேம்பாட்டுக் குழுவினர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. வீட்டில் நோயாளியையோ குழந்தையையோ கவனித்துக்கொள்பவர்களுக்கான கேள்வியும் பின்பகுதியில் உண்டு.

ஆய்வு என்றால் ஆய்வுக்கூடம், பெரிய நிதி, புதிய மருந்து என்றுதானே பொருள்? வார்டில் இருந்துகொண்டு என்ன ஆய்வு செய்ய முடியும்?

எந்த மருந்து, எந்தச் சிகிச்சை பலன் தரும் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்த அந்தச் சிகிச்சை சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில், புதிதாக ஒரு தீங்கையும் சேர்க்காமல் போய்ச் சேருகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. அதை வார்டுக்கு வெளியே இருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் செய்தது இந்த வகை ஆய்வுதான். மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில் ஏப்ரல் மாதம் நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். பிணப் பரிசோதனை முடித்து வருபவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்று மே மாதத்தில் விதி போட்டார். ஜூனில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது. அவரிடம் இருந்தவை இரண்டு பிரிவுகளின் (மாணவர்கள் பார்த்தது ஒன்று, மருத்துவச்சிகள் பார்த்தது ஒன்று) இறப்புப் பதிவேடும், அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணும்தான். சக மருத்துவர்களை அவரால் ஒத்துக்கொள்ள வைக்க முடியாமல் போனதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. எண்ணைச் சரியாக எடுப்பது பாதி வேலை. கூட இருப்பவர்களை அதற்குள் கொண்டுவருவது மறு பாதி.

எந்தச் சிக்கலை முதலில் எடுப்பது?

மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அடிக்கடி நடக்கிறதா? நடந்தால் நோயாளிக்குத் தீங்கு நேர்கிறதா? அதை மாற்றும் அதிகாரம் உங்கள் வார்டின் கையில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "மருத்துவமனை முழுவதும் தொற்றைக் குறைப்பது" என்று தொடங்கினால் ஆறு மாதம் கூட்டத்திலேயே போய்விடும். "எங்கள் வார்டில் தேவை முடிந்த பிறகும் சிறுநீர்க் குழாய் உள்ளேயே இருக்கும் நாட்களைக் குறைப்பது" என்று எடுத்தால் நாளைக் காலையே எண்ணத் தொடங்கலாம். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்பதால், ஒரு நாள் முன்பாக எடுப்பதுகூட வீண் போகாது.

இலக்கையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள்: எது, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எந்தத் தேதிக்குள், எந்த நோயாளிகளிடம்.

சம்பவ அறிக்கைப் புத்தகத்தில் இருப்பதை வைத்தே கணக்குத் தொடங்கலாமா?

அதை மட்டும் நம்ப வேண்டாம். எழுதப்படுவது நடந்ததில் ஒரு சிறு பகுதிதான். எழுத நேரமில்லை, எழுதினால் விளக்கம் கேட்பார்கள், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பல காரணங்களால் பெரும்பாலானவை பதிவுக்கு வராது. ஆகவே அறிக்கைகளின் எண்ணிக்கை கூடினால் தவறு கூடிவிட்டது என்று பொருளில்லை, துணிந்து எழுதுபவர்கள் கூடியிருக்கலாம். குறைந்தால் மகிழவும் வேண்டாம், புதிதாக வந்த பொறுப்பாளர் கடுமையானவராக இருக்கலாம்.

அறிக்கையின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. எப்படி நடந்தது என்பதை அது சொல்லும். எவ்வளவு நடக்கிறது என்பதை அறிய நேரடிக் கவனிப்பு, கேஸ் ஷீட்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் புரட்டிப் பார்த்தல், ஆய்வகப் பதிவு போன்ற வேறு வழி வேண்டும்.

இந்த மாதம் 3 பேர் விழுந்தார்கள், போன மாதமும் 3 பேர். மாற்றமில்லை என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்க்கிறீர்கள், கீழே வகுக்க வேண்டிய எண் இல்லை.

போன மாதம் வார்டில் தினமும் சராசரியாக 25 நோயாளிகள், 30 நாட்கள் என்றால் 750 படுக்கை நாட்கள். 3 விழுதல்களை 750ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் 1000 படுக்கை நாட்களுக்கு 4.0. இந்த மாதம் தினமும் 18 பேர்தான் இருந்தார்கள் என்றால் 540 படுக்கை நாட்கள். அதே 3 விழுதல்கள் இப்போது 5.6 ஆகின்றன. நிலைமை மோசமாகியிருக்கலாம், ஆனால் வெறும் எண்ணிக்கை அதைக் காட்டவில்லை.

வகுக்கும் எண் சிக்கலுக்குச் சிக்கல் மாறும். மையச் சிரைக் குழாய்த் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வரை செலுத்தும் குழாய்) தொற்றுக்குக் குழாய் இருந்த நாட்கள். மருந்துத் தவறுக்குக் கொடுத்த டோஸ்களும் கொடுக்கத் தவறிய டோஸ்களும் சேர்ந்த மொத்தம். கை சுத்தத்துக்கு, கை சுத்தம் செய்திருக்க வேண்டிய தருணங்கள். படுக்கை நாட்களைத் தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். நள்ளிரவுக் கணக்கு வழக்கமானது. ஒரு நாள் காலை, ஒரு நாள் இரவு என்று எடுத்தால் கீழ் எண்ணே ஆடிப்போகும்.

இன்னொன்றும் முன்கூட்டியே முடிவாக வேண்டும்: எதை "விழுதல்" என்று எண்ணுவது? செவிலியர் தாங்கிப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார வைத்தது விழுதலா? நாற்காலியிலிருந்து சரிந்தது? எண்ணலாம், விடலாம். ஆனால் ஆய்வின் பாதியில் வரையறையை மாற்றினால் அதற்கு முன் சேர்த்த தரவு முழுவதும் குப்பைக்குப் போகும்.

எத்தனை பேரைப் பார்த்தால் போதும்?

தேடும் மாற்றத்தின் அளவைப் பொறுத்தது. ஒரு நல்ல பழக்கம் 60 சதவீதத்திலிருந்து 80 ஆக உயர்ந்ததா என்று காட்ட, முன்னும் பின்னும் ஏறத்தாழ 80 பேர் வீதம் போதும். ஒரு சிக்கல் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகப் பாதியாகியதா என்று காட்ட ஒவ்வொரு பக்கமும் சுமார் 1,140 பேர் வேண்டும். 80 சதவீத ஆற்றல் (உண்மையான மாற்றம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை வரம்பு (இல்லாத மாற்றத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) என்ற வழக்கமான கணக்கு இது. சிறிய வார்டில் இறப்பையோ அரிய சிக்கலையோ அளவுகோலாக வைத்தால் ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான். அத்தகைய இடங்களில் இறுதி விளைவை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய படியை அளந்து பாருங்கள்: குழாய் தேவையா என்று தினமும் கேட்கப்பட்டதா, படுக்கைப்புண் வராதபடி குதிகால் மெத்தையைத் தொடாமல் இருந்ததா.

"ஒன்றுகூட நடக்கவில்லை" என்ற முடிவுக்கும் ஒரு எளிய சோதனை உண்டு. பார்த்த எண்ணிக்கையால் 3ஐ வகுத்துப் பாருங்கள். 60 பேருக்குக் குழாய் போட்டு ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்றால், உண்மையான விகிதம் இன்னும் 5 சதவீதம் வரை இருக்கக்கூடும். சுழியம் என்பதைக் கொண்டாடுவதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுவிடுவது நல்லது.

மாற்றம் செய்த அடுத்த மாதமே எண் இறங்கியது. வெற்றிதானே?

இந்த இடத்தில்தான் நல்ல குழுக்களும் ஏமாறுகின்றன. பெரும்பாலும் ஒரு மோசமான மாதத்துக்குப் பிறகுதான் "ஏதாவது செய்யுங்கள்" என்று உத்தரவு வருகிறது. மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம், எதுவும் செய்யாவிட்டாலும், சராசரியை நோக்கித் திரும்பிவிடும். அந்த இறக்கத்தை நம் போஸ்டரின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

இதற்கு மருந்து, காலவரிசைக் கோட்டுப்படம். கிடைமட்டத்தில் வாரங்கள், செங்குத்தில் விகிதம். மாற்றத்துக்கு முந்தைய புள்ளிகளின் நடு எண்ணைக் கண்டு ஒரு கோடு இழுத்து, அதே கோட்டை முன்னோக்கி நீட்டுங்கள். நடு எண் என்பது வரிசைப்படுத்தினால் மத்தியில் வருவது, கூட்டிச் சராசரி எடுப்பதல்ல. பிறகு இரண்டு விதிகள். கோட்டுக்கு ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து 6 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் விழுந்தால் நிலை உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது. கோட்டின் மேலேயே விழும் புள்ளியை எண்ணாமல் தாண்டுங்கள். அடுத்தடுத்து 5 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் ஏறிக்கொண்டே அல்லது இறங்கிக்கொண்டே போனால் அது போக்கு. இவை இரண்டும் இல்லையென்றால், எண் ஆடுவது இயல்பான ஆட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பத்துப் புள்ளிகளாவது இல்லாமல் இந்த விதிகளைப் பயன்படுத்தாதீர்கள். அதனால்தான் மாதக் கணக்கைவிட வாரக் கணக்கு நல்லது.

சம்பவம் மிக அரிதாக நடக்கிறதென்றால், பெரும்பாலான வாரங்களில் சுழியம் விழுந்து படம் பயனற்றதாகிவிடும். அப்போது இரண்டு சம்பவங்களுக்கு இடைப்பட்ட நாட்களை வரையுங்கள். கோடு ஏறினால் நல்லது.

கணினி வேண்டியதில்லை. கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும். படத்தைச் செவிலியர் மேசைக்குப் பின்னால் ஒட்டி வைப்பது, அதை அலுவலகக் கோப்பில் பூட்டி வைப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

கை சுத்தத்தை அளக்கும்போது மட்டும் எல்லாரும் ஒழுங்காகச் செய்கிறார்கள். உண்மை நிலையை எப்படி அறிவது?

கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் நடத்தை மாறும். அதை முழுமையாக நீக்க முடியாது, குறைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களை வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடும் முன், கிருமி நீக்கிய செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். ஒரு முறை கவனிப்பு சுமார் 20 நிமிடம், ஒரு சுற்றில் ஒரு வார்டுக்கு 200 தருணங்கள் என்பது அதன் பரிந்துரை. காலை, இரவு, விடுமுறை நாள் எல்லாவற்றிலும் பரவலாக எடுங்கள்.

இதோடு, ஆல்கஹால் கைத்திரவம் எவ்வளவு செலவாகிறது என்று எடுத்து வையுங்கள். அது ஆளைப் பார்த்து நடிக்காது. 1000 நோயாளி நாட்களுக்குக் குறைந்தது 20 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கவனிப்பில் 90 சதவீதம் என்று வந்து, செலவு 5 லிட்டர் என்று இருந்தால் எதை நம்புவது என்று சொல்ல வேண்டியதில்லை.

தேய்க்கும் நேரம் கைத்திரவத்துக்கு 20 முதல் 30 விநாடி, சோப்பும் நீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையில் அழுக்கு தெரிந்தாலும், குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியாக இருந்தாலும் சோப்புதான். அந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

பயிற்சி வகுப்பு நடத்தினோம், சுற்றறிக்கை அனுப்பினோம், போஸ்டர் ஒட்டினோம். பலன் இல்லை. ஏன்?

இந்த மூன்றும் மனிதர் நினைவில் வைத்திருப்பார் என்பதை நம்பி நிற்பவை. களைத்துப்போன, நடுவில் நான்கு முறை கூப்பிடப்பட்ட, அதிகாலை 4 மணி மனிதரிடம் நினைவை நம்பக் கூடாது. ஆளுக்குப் புத்தி சொல்வதைவிடத் தவறு செய்யவே இடமில்லாதபடி பொருளையும் இடத்தையும் மாற்றுவது வலுவானது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

மயக்க மருந்து இயந்திரத்தில் ஆக்சிஜன் சிலிண்டரின் இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரை மாட்ட முடியாது. ஆக்சிஜனுக்கு முனைக் குத்துகள் 2, 5 இடங்களில், நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5 இடங்களில். துளையும் குத்தும் பொருந்தாது. யாருடைய கவனத்தையும் அது கேட்பதில்லை.

வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து சிரையில் மட்டும் போக வேண்டும். தண்டுவட நீரில் போனால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக எச்சரிக்கை ஒட்டியும், இரட்டைச் சரிபார்ப்பு வைத்தும் இது மீண்டும் மீண்டும் நடந்தது, ஏனென்றால் அதுவும் தண்டுவட மருந்தும் ஒரே மாதிரிச் சிரிஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்ன வழி, வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல் சிறு பையில் நீர்த்துத் தருவது. பையைத் தண்டுவட ஊசியில் மாட்ட யாருக்கும் தோன்றாது. நீர்க்காமல் செலுத்தினால் உயிரைப் பறிக்கும் அடர்ந்த பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிடுவதும் இதே வகை. கையில் இல்லாத ஆம்பூலைத் தவறி எடுக்க முடியாது.

எந்தத் திட்டத்தையும் வலுவின் வரிசையில் வைத்துப் பாருங்கள். மேலே பொருளை நீக்குவது, பொருந்தாதபடி வடிவமைப்பது. அடுத்து முன்கூட்டியே நிரப்பிய டோஸ், ஒரே மாதிரி அலமாரி, தானாகக் காலாவதியாகும் உத்தரவு. அதற்கும் கீழே சரிபார்ப்புப் பட்டியல். அடியில்தான் பயிற்சியும் எச்சரிக்கைத் தாளும். உங்கள் திட்டத்தில் உள்ளவை எல்லாம் அடிப்பகுதியிலேயே இருந்தால் பலன் இல்லாததில் வியப்பில்லை.

அப்படியானால் சரிபார்ப்புப் பட்டியல் வீணா?

வீணில்லை. தானாக வேலை செய்யும் பொருளும் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்து செயல்களை வழக்கமாக்கினார்கள்: கை கழுவுதல், முழு உடல் மறைப்புடன் செய்தல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய்தல், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல். 2006இல் வெளியான முடிவின்படி, மையச் சிரைக் குழாய்த் தொற்றின் சராசரி 1000 குழாய் நாட்களுக்கு 7.7இலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆனது. 2009இல் வெளியான எட்டு நகர ஆய்வில், 19 வரி அறுவைச் சிகிச்சைப் பட்டியலைப் பயன்படுத்திய பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆக இறங்கியது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் அதே போன்ற பட்டியலைக் கட்டாயமாக்கியபோது குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2014இல் முடிவு வந்தது.

வேறுபாட்டுக்கு ஒரே காரணத்தைக் காட்ட முடியாது. என்றாலும் மிச்சிகனில் நடந்தது தாள் விநியோகம் மட்டுமல்ல. ஐந்து செயல்களுக்கும் வேண்டிய பொருட்களை ஒரே தள்ளுவண்டியில் சேர்த்தார்கள், படி தவறினால் மருத்துவரை நிறுத்தச் செவிலியருக்கு அதிகாரம் கொடுத்தார்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் தொற்று விகிதத்தைத் திரும்பக் காட்டினார்கள். பட்டியலை நாள் முடிவில் ஒரே மூச்சில் டிக் போடுகிறார்களா என்று பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எங்கும் "இல்லை" என்ற விடையே வராதது ஆகியவை அதற்கு அடையாளம்.

நீங்களே ஒரு பட்டியல் எழுதினால், வேலையை நிறுத்திப் பட்டியலைப் படிக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து முதல் ஒன்பது வரிகளுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். எப்படியும் யாரும் மறக்காத செயலைச் சேர்க்காதீர்கள்.

மருந்துத் தவறுகளை எப்படி ஆராய்வது?

கவனிப்பவர் ஒருவர் மருந்து தள்ளுவண்டியோடு நடந்து, கொடுக்கப்பட்டதை எழுதுகிறார். மருத்துவரின் உத்தரவை அவர் முன்கூட்டியே பார்க்கக் கூடாது. சுற்று முடிந்த பிறகுதான் உத்தரவோடு ஒப்பிட வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் கண் எதிர்பார்த்ததையே காணும். நோயாளிக்குத் தீங்கு நேரும் என்று தெரிந்த நொடியில் கவனிப்பவர் குறுக்கிட்டுத் தடுக்க வேண்டும், அதையும் தவறு என்றே பதிய வேண்டும். இந்த விதியை எழுத்தில் வைக்காமல் தொடங்காதீர்கள்.

நேரம் தவறியதைத் தனியாக எண்ணுங்கள். மற்றவற்றோடு கலந்தால் அதுவே எண்ணிக்கையை நிறைத்து, தவறான டோஸ், தவறான ஆள் போன்ற ஆபத்தானவற்றை மறைத்துவிடும். மருந்தையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் பார்கோடு முறை பற்றி 2010இல் வெளியான பெரிய ஆய்வு அப்படித்தான் பிரித்தது: நேரம் தவிர்த்த தவறுகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 ஆகக் குறைந்தன.

பார்கோடு இல்லாத இடத்திலும் செய்யக்கூடியவை நிறைய. 5 மில்லிகிராமை "5.0" என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகும். அரை மில்லிகிராமை ".5" என்று எழுதினால் 5 ஆகும். முழு எண்ணுக்குப் பின் சுழியம் வேண்டாம், பின்னத்துக்கு முன் சுழியம் கட்டாயம். இன்சுலினுக்கு "யூனிட்" என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். அதன் ஆங்கில முதல் எழுத்தை மட்டும் போட்டால், எண்ணை ஒட்டி ஒரு சுழியமாகத் தெரிந்து டோஸ் பத்து மடங்காகும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை தரும் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கி இறந்தவர்கள் உண்டு. கிழமையின் பெயரை உத்தரவிலும் மருந்து உறையிலும் எழுத வேண்டும். நோயாளியை அடையாளம் காண இரண்டு அடையாளங்கள் வேண்டும், படுக்கை எண் அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாது. "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்டால் காது மந்தமானவரும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்பதே சரி.

விழுதலைத் தடுக்கக் கட்டில் பக்கக் கம்பியும் அலாரமும் போதுமா?

போதாது. குழம்பிய நிலையில் இருப்பவர் கம்பிக்கு மேல் ஏறி விழுந்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். கட்டில் அலாரம் பற்றி 2012இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் அலாரத்தின் பயன்பாடு கூடியது, விழுதல் குறையவில்லை. அலாரம் அடிக்கும்போது நோயாளி ஏற்கெனவே எழுந்துவிட்டிருக்கிறார்.

முதலில் உங்கள் வார்டில் நடந்த கடைசி 20 விழுதல்களை எடுத்து நேரம், இடம், அவர் என்ன செய்யப் போனார் என்ற மூன்று நெடுவரிசைகள் எழுதுங்கள். கழிப்பறைக்குப் போனதே பெரும்பாலும் முதலிடத்தில் வரும். அப்படி வந்தால், தூங்கும் முன்னும் சிறுநீர் பிரியும் மாத்திரை கொடுத்த பின்னும் தாமாகப் போய் "கழிப்பறைக்கு வருகிறீர்களா?" என்று கேட்கும் சுற்றைச் சோதிக்கலாம். எழுந்தவுடன் தலைசுற்றுபவரின் இரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற 1ஆம், 3ஆம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருந்துகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

எதிர்விளைவு அளவையும், அதாவது நம் மாற்றமே வேறொரு தீங்கைக் கொண்டுவருகிறதா என்பதையும், சேர்த்தே எடுக்க வேண்டும். விழுதலைக் குறைப்பதற்கு எளிய வழி யாரையும் நடக்கவே விடாமல் இருப்பது. அப்படிக் குறைத்தால் தசை வலுவிழந்து, படுக்கைப்புண் வந்து, நோயாளி வீட்டுக்குப் போய் விழுவார். ஆகவே தினமும் நடந்தவர்களின் எண்ணிக்கையும் அதே படத்தில் இருக்கட்டும்.

படுக்கைப்புண் ஆய்வில் தொடங்கியதும் எண்ணிக்கை ஏறிவிட்டதே?

தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான். முதல் நிலைப் புண் என்பது அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. விரலால் 3 விநாடி அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். கருமையான தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக, வலியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இதைக் கற்றுக்கொடுத்த மாதத்தில் எண்ணிக்கை ஏறும். ஆகவே தேடும் முறையைப் பழக்கப்படுத்திய பிறகே அடிப்படைக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புவது பழைய விதி. அடர்ந்த நுரை மெத்தையில் படுத்த முதியோர் இல்லவாசிகளிடம் 2, 3, 4 மணி இடைவெளிகளை ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நல்ல மெத்தை இல்லாத இடத்துக்கு அந்த முடிவைக் கொண்டுபோகக் கூடாது. பக்கவாட்டில் சாய்ப்பது 30 டிகிரி. குதிகாலை, கெண்டைக்காலுக்கடியில் தலையணை கொடுத்து மெத்தையைத் தொடாமல் நிறுத்த வேண்டும். வளைய வடிவத் தலையணை வேண்டாம், சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவும் வேண்டாம்.

ஷிப்ட் மாறும்போது தகவல் விடுபடுகிறது. இதற்கும் சான்று உள்ள வழி உண்டா?

உண்டு. 2014இல் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் ஒரே வரிசையில் ஒப்படைக்கும் முறையைச் சோதித்தார்கள். நோயின் தீவிரம், நோயாளியின் சுருக்கம், செய்ய வேண்டியவை, எது நடந்தால் என்ன செய்வது, கடைசியில் பெறுபவர் தன் சொல்லில் திருப்பிச் சொல்வது. மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதமும் குறைந்தன. இதில் எளிதாக உதிர்ந்துபோவது கடைசிப் படி. அளக்கும்போது அதைத்தான் முதலில் பாருங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா?

தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே நிறுவப்பட்ட பராமரிப்பை ஒழுங்காகச் செய்வதையும் அதை எண்ணுவதையும் பல குழுக்கள் முழு ஆய்வாகக் கருதாமல் எளிய முறையில் அனுமதிக்கும். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிப்பது, நிறுவப்படாத ஒன்றைச் சோதிப்பது, கூடுதல் இரத்தம் எடுப்பது என்றால் முழு அனுமதியும் ஒப்புதலும் தேவை. மேலே சொன்ன மிச்சிகன் திட்டமே 2007இல் அமெரிக்க அரசின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகத்தின் கேள்விக்கு உள்ளாகி, 2008இல்தான் தொடரலாம் என்று தெளிவானது. உயிர்காத்த திட்டத்துக்கே அந்த நிலை. "அனுமதி தேவையில்லை" என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். எண்ணும் தாளில் நோயாளி பெயரோ ஊழியர் பெயரோ வேண்டாம்.

ஊழியர்கள் தவறை மறைக்கிறார்கள். என்ன செய்வது?

தண்டனை வரும் என்றால் யாரும் மறைக்கத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதியவருக்கு ஏழு நாட்களுக்குள் "நீங்கள் எழுதியதால் இதை மாற்றினோம்" என்று பதில் போக வேண்டும். நூலிழையில் தப்பியவற்றை எழுதச் சொல்லித் தொடங்குங்கள், அவற்றை எழுத அச்சம் குறைவு. சம்பவத்தை ஆராயும் கூட்டத்தில் "யார்?" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "அந்த நேரத்தில் அது சரியென்று தோன்ற எது காரணம்?" என்று கேளுங்கள். வேண்டுமென்றே செய்த தீங்கு, குடித்துவிட்டு வந்தது ஆகியவை வேறு. அவற்றைத் தனி வழியில் அனுப்ப வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டுப் பாதுகாப்புக்கும் இத்தகைய ஆய்வு பயன்பட்டிருக்கிறதா?

மிகப் பெரிய பலனே அங்கேதான். கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதற்கும் தூக்கத்தில் திடீர் இறப்புக்கும் தொடர்பு இருப்பதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. 1990களின் தொடக்கத்தில் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்ற பிரசாரம் தொடங்கிய பல நாடுகளில் அத்தகைய இறப்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. அப்போதிருந்த சான்றுகளை முறையாகத் தொகுத்திருந்தால் 1970லேயே இதைச் சொல்லியிருக்கலாம் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். தொகுக்காமல் விட்ட அந்த இருபது ஆண்டுகளில் போனவை குழந்தைகளின் உயிர்கள்.

பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடும். எது அரிப்பைத் தணிக்கும் என்று பல திரவங்களை விலங்குகளில் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில் தேன் நன்றாக வேலை செய்தது. அதன்படி, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருந்து, விழுங்க முடிந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன், ஆறு முறை வரை கொடுக்கலாம். தேனைத் தேடிப் புறப்படுவதைத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது.

குழாய் வெந்நீர் 60 டிகிரி செல்சியஸில் சுமார் 5 விநாடியில் ஆழமான தீக்காயம் உண்டாக்கும், 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். ஆனால் தொட்டியையே 49இல் வைத்தால் நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். தொட்டியில் 60 வைத்துக் குழாய்க்கு அருகே தண்ணீர் கலக்கும் வால்வைப் பொருத்துவதே இரண்டுக்கும் பொதுவான தீர்வு. திரவ மருந்தைச் சமையல் கரண்டியால் அளக்காமல், மி.லி. குறியிட்ட வாய்வழிச் சிரிஞ்சால் அளக்க வேண்டும். கரண்டிக்குக் கரண்டி கொள்ளளவு மாறும்.

பலன் கிடைத்துவிட்டது. எண்ணுவதை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம், இடைவெளியை நீட்டுங்கள். வாரம் 20 பேரைப் பார்த்தது மாதம் 20 பேர் ஆகலாம். மாற்றத்தை ஒரு ஆளின் ஆர்வத்திலிருந்து எடுத்துப் பொருளில் பதியுங்கள்: அச்சிட்ட கேஸ் ஷீட்டில் ஒரு கட்டமாக, கொள்முதல் பட்டியலில் ஒரு வரியாக, புதிதாகச் சேர்பவரின் முதல் வாரப் பயிற்சியில் ஒரு மணி நேரமாக. அடுத்த வார்டுக்குக் கொண்டுபோகும்போது எல்லா வார்டிலும் ஒரே நாளில் தொடங்காமல், குலுக்கல் போட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குங்கள். இன்னும் தொடங்காத வார்டுகள் ஒப்பீடாக நிற்கும், மாற்றம் உண்மையா என்பதும் அப்போது இன்னும் தெளிவாகத் தெரியும். கோடு மறுபடி நடு எண்ணைத் தாண்டித் தவறான பக்கம் 6 புள்ளிகள் போனால் யார் யாரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதை அந்தப் படத்தின் அடியிலேயே எழுதி வையுங்கள்.